மதுரையில் பலித்தது வங்காள தேசத்தில் ஏன் பலிக்கவில்லை?

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இருமல் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டால், "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டு வந்து அதையே நம் குழந்தைக்கும் கொடுப்பது நம்மவர் வழக்கம். சில சமயம் பலிக்கும். பலிக்காவிட்டால், "அந்தக் குழந்தையின் உடல்வாகு வேறு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். அரசாங்கங்களும் ஏறத்தாழ இதையே செய்கின்றன. ஒரு நாட்டில் குழந்தைகளின் நலிவைக் குறைத்த திட்டம் ஒன்று உண்டு என்று தெரிந்தால், மற்றொரு நாடு அதைக் கேட்டு வாங்கி நடத்தத் தொடங்குகிறது. ஆனால் வீட்டு வைத்தியம் பலிக்காவிட்டால் இரண்டு நாளில் தெரிந்துவிடும். திட்டம் பலிக்கவில்லை என்பது தெரிய வருவதற்குள் ஒரு தலைமுறைக் குழந்தைகள் மூன்று வயதைத் தாண்டிவிட்டிருப்பார்கள்.

இவ்வாறு ஊர் மாறிய திட்டம் ஒன்றின் கதையைப் பார்ப்போம். அது புறப்பட்ட இடம் நம் மதுரை மாவட்டம். போய்ச் சேர்ந்த இடம் வங்காள தேசம்.

மாதம் ஒரு முறை தராசு

1970ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு உணவு வழங்கும் திட்டங்கள் பல நடந்துகொண்டிருந்தன. அவற்றை ஆராய்ந்தவர்கள் இரண்டு குறைகளைக் கண்டார்கள். உணவு பெரும்பாலும் நடந்து வந்து வரிசையில் நிற்கக்கூடிய பெரிய குழந்தைகளுக்கே கிடைத்தது. மேலும், வெளியே ஒரு வேளை சாப்பிட்ட குழந்தைக்கு வீட்டில் அந்த வேளை உணவு குறைந்தது. ஏழைத் தாயைக் குறை சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகளில் ஒன்று சாப்பிட்டுவிட்டது என்றால் மற்றதன் தட்டில் கொஞ்சம் கூடுதலாக வைக்கத்தானே தோன்றும்?

ஆனால் உடலியல் கணக்கு வேறு. பிறந்த குழந்தை ஏறத்தாழ ஐந்து மாதத்தில் தன் எடையைப் போல் இரு மடங்காகிறது. ஒரு வயதில் மூன்று மடங்கு. மூளை மிக விரைவாக வளரும் பருவமும் இதுவே. ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. கூழோ, மசித்த சோறோ, பருப்போ சேர வேண்டும். குழந்தையின் இரைப்பை சிறியது, ஒரே தடவையில் நிறைய உண்ணாது. ஆகவே ஒரு நாளில் பல தடவை ஊட்ட வேண்டும். களை எடுக்கப் போன தாயால் அது எப்படி முடியும்? இரண்டாம் வயதில் எடை கூடும் வேகம் குறைந்து, மாதத்துக்குச் சுமார் 200 கிராம் என்ற அளவுக்கு வந்துவிடும். ஒரு வார வயிற்றுப்போக்கு ஒரு மாதச் சம்பாத்தியத்தைக் கரைத்துவிடும். இவ்வளவும் நடந்த பிறகும் குழந்தை பார்வைக்குச் சாதாரணமாகவே இருக்கும். கிராமத்தில் உள்ள மற்றக் குழந்தைகளும் அப்படித்தானே இருக்கின்றன!

கண்ணுக்குத் தெரியாததைத் தராசு காட்டும். 1980இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் அடிப்படைக் கருத்து இதுதான். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடாக இணைத்தார்கள். புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம். கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால் அந்தக் குழந்தைக்கு மட்டும் தானியமும் பருப்பும் வெல்லமும் கலந்த உருண்டை, தொடர்ந்து 90 நாள். மையத்திலேயே உட்கார்ந்து தின்ன வேண்டும். கோடு மறுபடி ஏறத் தொடங்கினால் உருண்டை நிற்கும்.

கவனியுங்கள், உருண்டை இங்கே சாப்பாடு அன்று, மருந்து. சின்ன உருண்டை என்பதால் வீட்டுச் சோற்றை யாரும் குறைக்கவில்லை. மூன்று மாதத்தில் தன் குழந்தையின் கோடு நிமிர்வதைத் தாய் தன் கண்ணால் பார்த்தாள். "கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் பிள்ளை தேறும்" என்பதை அவளுக்கு நிரூபித்துக் காட்டிய சோதனையாகவும் அது அமைந்தது. எடை போட்டவள் அதே ஊர்ப் பெண். அவளைச் சமூக ஊட்டச்சத்துப் பணியாளர் என்றார்கள். அவள் வீடு வீடாகச் சென்று எதை, எப்போது, எத்தனை தடவை ஊட்டுவது என்று சொல்லிக்கொடுத்தாள். எனக்குத் தோன்றுவது, திட்டத்தின் உயிர் இந்தப் பேச்சில்தான் இருந்தது. உருண்டை அதற்குச் சாட்சி.

மதுரை மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது 173 ஒன்றியங்களுக்குப் பரவி, ஏறத்தாழ 9,000 மையங்களாக வளர்ந்தது. கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது என்று மதிப்பீடுகள் கூறின. உலகம் திரும்பிப் பார்த்தது.

காய்ச்சல் தானே இறங்கினால்?

வங்காள தேசத்துக்குப் போகுமுன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். "குறைந்தது" என்றால் எதனால் குறைந்தது?

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். உச்சத்தில் இருப்பது இயல்பாகவே இறங்கும். மாத்திரை வெறும் சுண்ணாம்பாக இருந்தாலும் மறுநாள் பெயர் அதற்குத்தான். எடை குறைந்த குழந்தைகளாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்து உணவு கொடுக்கும்போதும் இதே மயக்கம் வரும். அவர்களில் சிலர் அந்த மாதம் வயிற்றுப்போக்கால் இளைத்தவர்கள். ஒன்றும் கொடுக்காவிட்டாலும் இரண்டு மாதத்தில் ஓரளவு தேறியிருப்பார்கள். இன்னொன்றும் உண்டு. 1982 ஜூலை முதல் தேதி தமிழகத்தில் சத்துணவுத் திட்டம் தொடங்கியது. அதே ஆண்டுகளில் சாலை வந்தது, கூலி மாறியது, தடுப்பூசி பரவியது. எல்லாம் ஒரே காலத்தில் நடக்கும்போது எடை கூடிய பெருமையில் தராசின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இதற்கு விஞ்ஞானம் கண்ட வழி ஒப்பீட்டுக் குழு. திட்டம் கிடைத்தவர்களுடன், எல்லா வகையிலும் அவர்களைப் போன்ற, ஆனால் திட்டம் கிடைக்காத மற்றொரு குழுவை ஒப்பிட வேண்டும். இரண்டு குழுவும் உண்மையில் ஒரே மாதிரி என்று எப்படி உறுதி செய்வது? சீட்டுக் குலுக்கிப் போடுவதே சிறந்த முறை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் விவசாய ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய ஆர். ஏ. ஃபிஷர் 1920ஆம் ஆண்டுகளில் வயல்களுக்கு இந்த முறையை வகுத்தார். எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதை ஆய்வாளரின் விருப்பம் தீர்மானிக்கக் கூடாது, குலுக்கல் தீர்மானிக்க வேண்டும் என்றார். பாத்தியிலிருந்து அது மருத்துவத்துக்கு வந்தது.

இதில் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. காசநோய் வந்தவரைக் குடும்பத்திலிருந்து பிரித்து மாதக் கணக்கில் சானடோரியத்தில் வைக்க வேண்டும் என்பது அந்நாளைய கொள்கை. தாய்க்கு நோய் என்றால் பிள்ளைகளின் கதி? 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையத்தில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டோடு மருந்து சாப்பிட்டவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959இல் இந்த முடிவு வெளியான பிறகு உலகெங்கும் சானடோரியக் கொள்கை தளர்ந்தது. குடும்பங்கள் பிரியாமல் இருக்கக் காரணமான ஆய்வு அது.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து கசப்பான உதாரணம் ஒன்றும் உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 506 சிறுவர்களை இருவர் இருவராக ஒப்பிட்டுச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவனை நாணயம் சுண்டித் தேர்ந்தெடுத்தார்கள். தேர்வான சிறுவனின் வீட்டுக்கு ஆலோசகர் மாதம் இரு முறை வந்தார், படிப்பில் உதவினார், மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்தார், கோடை முகாமுக்கு அனுப்பினார். 1939 முதல் 1945 வரை நடந்தது. பையன்கள் கெட்ட வழியில் போகாமல் தடுப்பதே நோக்கம். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர்களில் பெரும்பாலோர் அந்தத் திட்டத்தை நன்றியோடு நினைவு கூர்ந்தார்கள். ஆனால் 1978இல் வெளியான கணக்கு வேறாக இருந்தது. மீண்டும் குற்றம் செய்தவர்கள், குடிக்கு அடிமையானவர்கள், இளமையில் இறந்தவர்கள் எல்லாம் உதவி பெற்ற குழுவில்தான் அதிகம்! முகாமுக்குப் பலமுறை போனவர்களிடம் கேடு கூடுதலாகத் தெரிந்தது. துடுக்கான பையன்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தால் ஒருவனிடமிருந்து ஒருவன் எதைக் கற்பான்? நாணயம் சுண்டிப் பிரித்த மறு பாதி இல்லாதிருந்தால், அந்த நன்றிக் கடிதங்களை ஆதாரமாக வைத்து இத்திட்டம் நாடெங்கும் பரவியிருக்கும்.

தமிழ்நாட்டுத் திட்டம் குலுக்கல் முறையில் சோதிக்கப்பட்டதன்று. இருந்தாலும் திட்டம் நடந்த ஒன்றியங்களையும் நடக்காத இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது பயன் தெரிந்தது. கடுமையான குறைவு இறங்கியது. இலேசான, நடுத்தரக் குறைவு அவ்வளவாக அசையவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு கிழக்கே போவோம்.

பத்மா நதிக் கரையில்

வங்காள தேசத்தில் 1990ஆம் ஆண்டுகளில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவு உலகிலேயே மிக மோசமான நிலையில் இருந்தது. தமிழ்நாட்டுத் திட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு அங்கே 1995இல் ஓர் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. 2002 வரை நடந்தது. அதே மாதத் தராசு, அதே அட்டை, அதே ஊர்ப் பெண் பணியாளர். உருண்டைக்குப் பதில் வறுத்த அரிசி மாவு, பருப்பு மாவு, வெல்லப்பாகு, எண்ணெய் கலந்த பொட்டலம். அதை ஊர்ப் பெண்களே தயாரித்தார்கள். கர்ப்பிணிகளில் மெலிந்தவர்களுக்கும் உணவு. தாய்மார்களுக்கு ஊட்டும் முறை பற்றிப் பாடம். இயந்திரத்தின் எந்த உறுப்பையும் விடாமல் பெயர்த்துக் கொண்டுபோனார்கள் என்றே சொல்ல வேண்டும்.

முதலில் வந்த அறிக்கைகள் மகிழ்ச்சியாகவே இருந்தன. திட்டப் பகுதியில் எடைக் குறைவு இறங்கியது என்றன. ஆனால் அந்த ஆண்டுகளில் வங்காள தேசம் முழுவதுமே குழந்தைகளின் நிலை சீராகிக்கொண்டிருந்தது. 2003இல் 'சேவ் த சில்ட்ரன்' என்ற குழந்தை நல அமைப்பின் பிரிட்டிஷ் கிளை, திட்டம் பல ஆண்டுகள் நடந்த பகுதிகளையும் நடக்காத பகுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்று எழுதியது. பெரிய சர்ச்சை எழுந்தது. திட்டத்துக்குக் கடன் கொடுத்த உலக வங்கியே தன் மதிப்பீட்டுப் பிரிவை ஆராயச் சொன்னது. ஹோவர்ட் வைட் என்ற பொருளியலாளர் தலைமையில் 2005இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு, பயன் சிறிது உண்டு, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்பதாகும். கடன் கொடுத்த நிறுவனமே தன் திட்டத்தைப் பற்றி இப்படி எழுதி வெளியிட்டது பாராட்டத்தக்கது. குறையை மூடி வைத்திருந்தால் இந்தப் பாடம் யாருக்கும் கிடைத்திருக்காது.

அரிசி வாங்குவது யார்?

அந்த ஆய்வில் சுவையான பகுதி இனித்தான் வருகிறது. பணியாளர்கள் வேலை செய்யவில்லையா? செய்தார்கள். தாய்மார்கள் பாடத்தைக் கற்கவில்லையா? கற்றார்கள். கேள்வி கேட்டபோது சரியாகப் பதில் சொன்னார்கள். தெரிந்ததைச் செய்யத்தான் முடியவில்லை.

ஏன் என்று பார்ப்போம். திட்டத்தை ஒரு சங்கிலியாக எண்ணிக்கொள்ளுங்கள். பணியாளர் சொல்கிறார், தாய் கேட்கிறாள், அறிகிறாள், அறிந்தபடி உணவுப் பொருள் வாங்கப்படுகிறது, சமைத்து, பங்கிட்டு, குழந்தையின் வாயில் சேர்கிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கடைசியில் எடை ஏறாது.

வங்காள தேசக் கிராமங்களில் கடைத்தெருவுக்குப் போவது ஆண்கள். என்ன மீன், எவ்வளவு பருப்பு, முட்டை உண்டா இல்லையா என்பதை முடிவு செய்வது சந்தைக்குப் போனவர். அவருக்கு எந்தப் பாடமும் சொல்லப்படவில்லை. கூட்டுக் குடும்பமாக இருந்தால் சமையலறையும் பங்கீடும் மாமியாரின் ஆட்சியில். அவருக்கும் பாடம் இல்லை. பாடம் கேட்டவள் அந்த வீட்டில் மிகக் குறைந்த அதிகாரம் உள்ள இளம் மருமகள்! ஆசிரியர் ஒருவருக்குப் பாடம் நடத்திவிட்டு வேறொருவரிடம் பரீட்சை வைத்தது போல ஆயிற்று.

கர்ப்பிணிகள் விஷயத்திலும் இப்படித்தான். கர்ப்ப காலத்தில் நிறையச் சாப்பிட்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்ற எண்ணம் அங்கே உண்டு. நம் பாட்டிமார்களிடமும் இருந்த எண்ணம்தான். மையத்தில் சாப்பிட்டவளுக்கு வீட்டில் பங்கு குறைந்தது, அல்லது அவளே குறைத்துக்கொண்டாள். 1970ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் கண்ட அதே பழைய ஓட்டை! உருண்டையைச் சிறிதாகப் பிடித்து இங்கே அடைத்த ஓட்டை அங்கே மறுபடி திறந்துகொண்டது.

"நம்மூரில் மட்டும் மாமியார் இல்லையா?" என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்மூர் மாமியார்கள் எல்லாரும் மென்மையானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தமிழ்க் கிராமத்துப் பெண் வயலில் கூலி வாங்குகிறாள். வாரச் சந்தைக்குத் தானே போகிறாள். கையில் சில்லறை இருக்கிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கம் இருந்ததால் பல வீடுகளில் மாமியார் என்பவள் அவளைத் தூக்கி வளர்த்த அத்தையாகவே இருப்பாள். பிறந்த வீடு அடுத்த ஊரில். சண்டை என்றால் ஒரு நடையில் போய்விடலாம். டிம் டைசன், மிக் மூர் என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் இந்திய மாநிலங்களை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், தெற்கத்தி உறவுமுறைகள் பெண்ணுக்கு வடக்கைவிடக் கூடுதல் சுதந்திரம் தருகின்றன, குழந்தை இறப்பு குறைவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எடுத்துக்காட்டினார்கள். மதுரைத் திட்டம் இந்த மண்ணின் மேல் நின்றது. திட்ட அறிக்கையில் தராசின் விலை இருந்தது, பணியாளரின் சம்பளம் இருந்தது. அத்தையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இருக்காதுதான். இங்கிருப்பவர்களுக்கு அது காற்றைப் போல, சொல்ல வேண்டும் என்றே தோன்றியிராது.

விஞ்ஞான முறைகளை ஆராயும் தத்துவப் பேராசிரியை நான்சி கார்ட்ரைட் இந்த இரு திட்டங்களையும் தம் எழுத்துகளில் உதாரணமாக எடுத்துக்கொண்டார். தாய்க்குக் கற்பித்தால் குழந்தை தேறும் என்பது தமிழ்நாட்டில் கண்ட உண்மை. ஆனால் அது ஊருக்கு ஊர் செல்லக்கூடிய விதி அன்று என்கிறார் அவர். விதி அதைவிடப் பொதுவானது. உணவைக் கொண்டுவருபவர், பங்கிடும் அதிகாரம் உள்ளவர், குழந்தையின் நலனில் அக்கறை உள்ளவர் ஆகியோருக்குக் கற்பித்தால் குழந்தை தேறும். தமிழகத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆளில், தாயிடத்தில், கூடியிருந்தன. வங்காள தேசத்தில் மூன்றும் மூவராகப் பிரிந்திருந்தன. அக்கறை மட்டுமே தாயிடம். வெளிநாட்டில் ஒரு திட்டம் பலித்தது என்று கேள்விப்பட்டால் "எவ்வளவு பலித்தது?" என்பது முதல் கேள்வியாக இருக்கலாம். "அங்கே அதற்குத் துணை நின்றவை எவை, அவை இங்கே உண்டா?" என்பது இரண்டாவது. குலுக்கல் சோதனை எவ்வளவு துல்லியமாக நடந்தாலும் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் தரும்.

ஜமைக்காவின் அட்டைப் பெட்டி

சரியாக ஊர் மாறிய திட்டங்களும் உண்டு. ஜமைக்காத் தீவின் தலைநகர் கிங்ஸ்டனில் 1980ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் சாலி கிரந்தாம்-மெக்ரிகரும் அவருடைய துணைவர்களும் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பால் மாவு; ஒன்றுக்கு விளையாட்டு; ஒன்றுக்கு இரண்டும்; ஒன்றுக்கு எதுவும் இல்லை. விளையாட்டு என்றால், சுகாதாரப் பணிப் பெண் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து, குழந்தையோடு பேசி விளையாடத் தாய்க்குக் காட்டிக்கொடுப்பது. கடைப் பொம்மை கிடையாது. காலிப் புட்டி, அட்டைப் பெட்டி, துணித் துண்டு. இரண்டு ஆண்டு நடந்தது. அந்தக் குழந்தைகள் 22 வயதானபோது, விளையாட்டுக் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள். பால் மாவின் பயன் அவ்வளவு காலம் நிலைக்கவில்லை.

இந்த முறை வங்காள தேசத்துக்கும் கொலம்பியாவுக்கும் பெரு நாட்டுக்கும் ஒடிசாவின் கட்டாக் பகுதிக்கும் சென்றது. கொண்டுபோனவர்கள் பொம்மைகளைக் கொண்டுபோகவில்லை. அந்தந்த ஊரில் எதைக் குப்பையில் போடுகிறார்களோ அதிலிருந்து செய்தார்கள். படப் புத்தகங்களில் அந்த ஊர் முகமும் அந்த ஊர்ப் பாத்திரமும் வரைந்தார்கள். பாட்டுகள் அந்த ஊர்த் தாலாட்டுகள். மாற்றாமல் வைத்துக்கொண்டது ஒன்றே: வளர்ப்பவர் குழந்தையோடு பேச வேண்டும், குழந்தை செய்வதற்கு மறுமொழி தர வேண்டும்.

அப்படியும் முழுப் பயன் வரவில்லை. கொலம்பியாவில் திட்டம் முடிந்தவுடன் குழந்தைகளின் அறிவுத் திறனில் தெரிந்த முன்னேற்றம் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் மறைந்துவிட்டது. கிங்ஸ்டனில் ஆய்வாளரின் நேர்ப் பார்வையில் ஒரு சில பெண்கள் செய்த வேலையை நூற்றுக்கணக்கானோர் செய்யும்போது மேற்பார்வை நீர்த்துப்போவது ஒரு காரணமாக இருக்கலாம்.

வங்காள தேசத்துக்கே திரும்புவோம். 2010க்கும் 2014க்கும் இடையே அங்கே மற்றொரு முயற்சி நடந்தது. பிராக் என்ற அந்நாட்டுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்றார்கள். இம்முறை பேச்சு தாயோடு நிற்கவில்லை. வீட்டில் உள்ள மற்றவர்களையும் உட்கார வைத்துச் சொன்னார்கள். தொலைக்காட்சியில் வந்த சிறு படங்களில் தகப்பனும் மாமியாரும் முக்கியப் பாத்திரங்கள். எந்த வட்டாரத்தில் முழு முயற்சி, எதில் சாதாரண முயற்சி என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. மொத்தம் 20 வட்டாரங்கள். முழு முயற்சி நடந்த வட்டாரங்களில் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 48 சதவீதத்திலிருந்து 87 சதவீதத்துக்கு உயர்ந்தார்கள். ஒப்பீட்டு வட்டாரங்களில் இந்த எண்ணிக்கை அநேகமாக இருந்த இடத்திலேயே நின்றது. நான்கு ஆண்டுகளில் இவ்வளவு பெரிய மாற்றம் குடும்பப் பழக்கங்களில் அரிது.

உயரக் குறைவையும் அளந்தார்கள். அது இரண்டு வகை வட்டாரங்களிலும் குறைந்திருந்தது. ஏறத்தாழ ஒரே அளவில்.